சேலத்தில் கடல் இல்லை: இன்கோடெர்ம்ஸ் பாடத்தை எங்கே தொடங்குவது

ஏற்றுமதியில் சரக்கை எங்கே, யார் பொறுப்பில் ஒப்படைப்பது என்று சொல்லும் விதிகள்தான் இன்கோடெர்ம்ஸ். அந்தப் பாடம் என்றதும் கரும்பலகையில் ஒரு கப்பல் வந்து நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம் விற்பவர், அந்தப் பக்கம் வாங்குபவர், நடுவில் கடல், மேலே பதினொரு சுருக்கெழுத்துகள். பிள்ளைகள் ஒரே இரவில் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் உட்கார்ந்து, விற்கும் முன் அனுப்பும் விலைச்சீட்டான புரோஃபார்மா இன்வாய்ஸ் அடிக்கும் நாளில், விலைக்குப் பக்கத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று கை நின்றுவிடும். கடைசியில் பழைய இன்வாய்ஸில் இருந்த 'எஃப்ஓபி சென்னை' (சென்னையில் கப்பலில் ஏற்றித் தரும் விலை) என்பதே மறுபடியும் ஏறிவிடும்.

சேலத்தில் கடல் இல்லை. சென்னைத் துறைமுகம் சுமார் 340 கிலோமீட்டர். தூத்துக்குடியும் கொச்சியும் ஏறக்குறைய அதே தொலைவுதான். இங்கிருந்து போகிற ஜவ்வரிசியும் ஏற்காட்டுக் காபியும் துணியும் கப்பலைக் கண்ணால் பார்க்கும் முன்பே லாரியிலும் யார்டிலும் துறைமுக வாசல் வரிசையிலும் நாள்கணக்கில் கிடக்கின்றன. அந்த நாள்களில் ஏதாவது நடந்தால் யார் தலையில் விழும்? சேலத்துப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டிய கேள்வி இது. அதனால் பாடத்தைக் கப்பலிலிருந்து அல்ல, லாரியிலிருந்து தொடங்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இன்கோடெர்ம்ஸ் எந்த நாட்டின் சட்டமும் அல்ல. பாரிஸில் உள்ள சர்வதேச வணிகச் சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்டு, அவ்வப்போது திருத்திவரும் விதித்தொகுப்பு அது. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் அது கட்டுப்படுத்தும். எழுதியபின் மூன்று விஷயங்களைச் சொல்லும்: எந்த வேலை யாருடையது, எந்தச் செலவு யாருடையது, ரிஸ்க் எந்த இடத்தில் கை மாறுகிறது. "சார், அப்போ சரக்கு எப்போ அவங்களுக்குச் சொந்தமாகுது?" என்று ஒரு மாணவி கட்டாயம் கேட்பாள். நல்ல கேள்வி. அதை இன்கோடெர்ம்ஸ் சொல்லாது. ஒப்பந்தமும் அதற்குப் பொருந்துகிற விற்பனைச் சட்டமும்தான் சொல்லும். பணம் எப்போது வரும், தரம் குறைந்தால் என்ன பரிகாரம் என்பதும் அதில் கிடையாது. இந்த எல்லைக்கோட்டை முதல் வகுப்பிலேயே போடாவிட்டால், எஃப்ஓபி என்றாலே பணம் கைக்கு வந்துவிட்டது என்று நம்பும் பிள்ளைகள் உருவாகிவிடுவார்கள்.

அடுத்து, இரண்டு சாக்பீஸ். பலகையில் ஒரே ஒரு நீளக் கோடு. ஏற்காட்டுத் தோட்டம், காபியின் தொலி நீக்கித் தரம் பிரிக்கும் கியூரிங் ஒர்க்ஸ், சேலம் கிடங்கு, சென்னையில் சிஎஃப்எஸ் என்கிற சரக்குக் கூடம், துறைமுக யார்டு, கப்பல், ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம், அங்கே வாங்குபவரின் கிடங்கு. வெள்ளைச் சாக்பீஸ் விற்பவரின் செலவு போகும் தூரம். சிவப்பு அவருடைய ரிஸ்க் போகும் தூரம். இ, எஃப், டி என்று தொடங்கும் ஏழு விதிகளிலும் இரண்டு நிறமும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். சி-யில் தொடங்கும் நான்கில் மட்டும் வெள்ளை கடலைத் தாண்டிப் போய்விடும், சிவப்பு இந்தியாவிலேயே நின்றுவிடும். சிபிடி, சிஎஃப்ஆர் (வாடகை மட்டும் விற்பவருடையது), சிஐபி, சிஐஎஃப் (வாடகையோடு காப்பீடும்) நான்கின் சூட்சுமமும் இதுதான். இது மனதில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்தது என்பேன்.

சரக்காக ஏற்காட்டு அரபிகாவையே வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ சணல் மூட்டை, ஓர் இருபதடி கன்டெய்னருக்கு 320 மூட்டை, மொத்தம் 19,200 கிலோ. எடை தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சரக்கு கண்ணில் தெரியும்; 'பொருள்' என்ற வெறும் சொல்லால் யாருக்கும் எதுவும் புரியாது.

இப்போது முதல் கேள்வி. "எக்ஸ் ஒர்க்ஸ் ஏற்காடு", அதாவது என் வாசலிலேயே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தோட்டக்காரர் ஹாம்பர்க் காபி வியாபாரிக்கு விலை சொல்கிறார். என்ன ஆகும்? மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அது கன்டெய்னர் டிரெய்லருக்கான சாலை அல்ல. ஹாம்பர்க்காரர் சின்ன லாரி பிடித்து, கியூரிங்குக்கு அனுப்பி, கன்டெய்னரில் ஏற்றி, இந்தியச் சுங்கத்தில் ஷிப்பிங் பில் என்கிற ஏற்றுமதிப் படிவம் போட வேண்டும். அந்த பில்லைப் போட ஐஇசி என்கிற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண் வேண்டும், அவரிடம் இல்லை. சுங்க வேலை கடைசியில் தோட்டக்காரர் மேலேயே வந்து விழும், விலையில் அதற்கு இடமே இல்லாமல். இன்னொன்று: ஜிஎஸ்டி கட்டாமல் எல்யூடி என்கிற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து ஏற்றுமதி இன்வாய்ஸ் போட்டிருந்தால், மூன்று மாதத்துக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் வரியும் வட்டியும் இவர் தலையில். ஆனால் எக்ஸ் ஒர்க்ஸில் சரக்கை எப்போது நகர்த்துவது என்பது வாங்குபவர் கையில் இருக்கிறது. பொறுப்பு ஒருவருக்கு, கடிவாளம் இன்னொருவருக்கு. ஏற்றுமதிக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று நேராகவே சொல்லிக்கொடுக்கலாம்.

எக்ஸ் ஒர்க்ஸில் மூட்டையை லாரியில் ஏற்றுவதுகூட வாங்குபவர் வேலைதான். நடைமுறையில் கிடங்கு ஆட்களே ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றும்போது இரண்டு மூட்டை கிழிந்து கொட்டினால், ஏற்றியது விற்பவரின் ஆட்கள், ரிஸ்க் வாங்குபவருடையது. சண்டை இங்கேயே ஆரம்பம். இந்தச் சண்டையைத் தீர்க்கும் விதிதான் எஃப்சிஏ, அதாவது வாங்குபவர் குறித்த போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைப்பது. சேலத்துக்கு மிகவும் தேவைப்படுவதும் பாடத்தில் மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவதும் அதுதான்.

எஃப்சிஏ-வில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதிய இடம் விற்பவரின் சொந்தக் கிடங்கு என்றால், வாங்குபவர் அனுப்பிய வண்டியில் ஏற்றிக் கொடுத்ததும் கடமை முடிந்தது. இடம் வேறு எங்காவது, உதாரணமாகச் சென்னையில் ஒரு சிஎஃப்எஸ் என்றால், விற்பவர் தன் வண்டியில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் போதும். இறக்குவது அவர் வேலை அல்ல. இரண்டிலும் ஏற்றுமதிச் சுங்க வேலை விற்பவருடையது. ஆகவே வெறும் 'எஃப்சிஏ சேலம்' என்று எழுதுவது அரைகுறை எழுத்து. எந்தக் கிடங்கு, எந்தத் தெரு, யாருடைய வாசல் என்று எழுதினால்தான் சிவப்புச் சாக்பீஸ் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இனி எஃப்ஓபி. இங்கே அவசரப்படக் கூடாது, ஒரு முழு வகுப்பு கொடுக்க வேண்டும்.

எஃப்ஓபி-யில் சரக்கு கப்பலுக்குள் ஏற்றி வைக்கப்பட்ட நொடியில்தான் ரிஸ்க் மாறுகிறது. 2000 பதிப்பு வரை கப்பலின் விளிம்பைத் தாண்டினால் போதும் என்றிருந்தது. 2010-இல் அந்தக் கற்பனைக் கோட்டை எடுத்துவிட்டார்கள். மொத்தமாகக் கொட்டி ஏற்றும் சரக்குக்கும், கிரேன் தூக்கி நேரே கப்பலில் வைக்கும் சரக்குக்கும் இது கச்சிதம். கன்டெய்னருக்கு? சேலத்தில் பூட்டி முத்திரை வைத்த கன்டெய்னர் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை போகிறது. வாசல் வரிசையில் நிற்கிறது. யார்டில் இறக்கி வைக்கிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது விற்பவர் கையில் இல்லை. அவர் உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. ஆனால் கப்பல் வந்து ஏற்றும்வரை ரிஸ்க் அவருடையதே. ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து துறைமுக வேலை நின்றாலும், யார்டில் தூக்கும்போது கன்டெய்னர் இடிபட்டு ஓட்டை விழுந்தாலும், உள்ளே மழைநீர் புகுந்து ஜவ்வரிசி கட்டி தட்டினாலும், எல்லாம் அவர் கணக்கு. கப்பலில் இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டால் காத்திருக்கும் நாள்களும் அப்படியே. கன்டெய்னர் முனையத்தில் ஒப்படைக்கும் சரக்குக்கு எஃப்ஓபி பொருந்தாது, எஃப்சிஏ போடுங்கள் என்று விதிப்புத்தகமே விளக்கக் குறிப்பில் சொல்கிறது. ஆனால் பழக்கம் மாறவில்லை.

இதில் விற்பவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு, அதைப் பலர் படிப்பதே இல்லை. எஃப்ஓபி-யில் கப்பலைக் குறிப்பது வாங்குபவர் கடமை. அவர் கப்பல் பெயரைச் சொல்லாமல் விட்டாலோ, குறித்த கப்பல் நேரத்துக்கு வராவிட்டாலோ, ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து ரிஸ்க்கும் கூடுதல் செலவும் அவருடையவை ஆகும். ஒரு நிபந்தனை: சரக்கு இந்த ஒப்பந்தத்துக்குத்தான் என்று பிரித்து அடையாளமிட்டு வைத்திருக்க வேண்டும். மூட்டையில் மார்க் போடுவது, லாட் எண் எழுதுவது வெறும் கிடங்கு வேலை அல்ல என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

காபி வணிகத்தில் எஃப்ஓபி உலகம் முழுக்க ஊறிப்போன பழக்கம். ஹாம்பர்க்காரர் எஃப்ஓபி விலைதான் கேட்பார். ஏற்காட்டுத் தோட்டக்காரர் மாட்டேன் என்று சொல்லி வியாபாரத்தை இழக்க முடியாது. அப்போது செய்ய வேண்டியது: கிடங்கிலிருந்து கப்பலில் ஏறும்வரைக்கும் தன் பெயரில் ஒரு காப்பீடு எடுத்து, அந்தப் பிரீமியத்தை எஃப்ஓபி விலைக்குள் சேர்ப்பது. வாங்குபவரின் மரைன் பாலிசி நம்மைக் காப்பாற்றும் என்று நினைப்பது தவறு; அவருக்கு ரிஸ்க் வருவதே கப்பலில் ஏறிய பிறகு.

எஃப்ஓபி குழப்பத்துக்கு இன்னொரு ஊற்று நம் சுங்கப் படிவம். ஷிப்பிங் பில்லில் எஃப்ஓபி மதிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. கட்டிய வரிகளை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரும் டிராபேக், ஆர்ஓடிடிஇபி சலுகைகளுக்கெல்லாம் அந்த மதிப்பே அடிப்படை. ஒப்பந்தம் சிஐஎஃப் ஆக இருந்தாலும், கப்பல் வாடகையையும் காப்பீட்டையும் கழித்து அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். அது கணக்குக்கான மதிப்பு, அவ்வளவே. இதைப் பார்த்துவிட்டு "நம்ம ஏற்றுமதி எல்லாமே எஃப்ஓபி தான் சார்" என்று அலுவலகத்தில் ஐந்து வருடம் இருப்பவரே சொல்வதுண்டு. வகுப்பில் ஒரு சிஐஎஃப் இன்வாய்ஸையும் அதற்கான ஷிப்பிங் பில்லையும் பெயர்களை மறைத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை: அவர்கள் உள்நாட்டு வணிகத்திலும் எஃப்ஓபி என்ற சொல் உண்டு, அங்கே அதற்குக் கப்பலே தேவையில்லை. 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்ற சொல்லைச் சேர்த்து எழுதாவிட்டால் இருவரும் ஒரே சொல்லை வைத்து இரண்டு ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பார்கள்.

சிஐஎஃப்-க்கு வரலாம். "சிஐஎஃப் ஹாம்பர்க்" என்று எழுதினால் கப்பல் வாடகையும் காப்பீடும் விற்பவர் கட்டுகிறார். ஹாம்பர்க் என்ற பெயரைப் பார்த்ததும் அங்கேவரை பொறுப்பு என்று பத்தில் எட்டு பேர் எழுதுவார்கள். சிவப்புச் சாக்பீஸ் சென்னையிலேயே, கப்பலில் ஏற்றியதுமே நின்றுவிட்டது. வழியில் கப்பலோடு காபி மூழ்கினாலும் விற்பவர் கடமையை முடித்துவிட்டார்; சரியான ஆவணம் வந்தால் வாங்குபவர் பணம் கொடுத்தாக வேண்டும், அவர் போய்க் காப்பீட்டில் கேட்க வேண்டும்.

அந்தக் காப்பீடு எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சரக்குக் காப்பீட்டுக்கு இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ் என்று மூன்று பொது நிபந்தனைத் தொகுப்புகள் உண்டு; 'ஏ' மிகப் பரந்தது, 'சி' மிகக் குறுகியது. சிஐஎஃப்-இல் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சம் 'சி'. ஒப்பந்த விலையின் 110 சதவீதத்துக்கு, ஒப்பந்த நாணயத்திலேயே எடுக்க வேண்டும். கிலோ 5 டாலர் என்று கணக்குக்கு வைத்தால் 19,200 கிலோவுக்கு விலை 96,000 டாலர், காப்பீடு 1,05,600 டாலருக்கு. 'சி' எதற்கெல்லாம் கொடுக்கும்? தீ, வெடிப்பு, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல், வண்டி கவிழ்தல் போன்ற பெரிய விபத்துகளுக்கு. கப்பலைக் காப்பாற்றக் கேப்டனே சரக்கைக் கடலில் வீசினால் கொடுக்கும். அலை அடித்துக் கன்டெய்னர் கடலில் போனால் கொடுக்காது. அதற்கு 'பி' வேண்டும். திருட்டுக்கு 'ஏ' வேண்டும். 2020 பதிப்பு சிஐபி-க்கு மட்டும் குறைந்தபட்சத்தை 'ஏ'-க்கு உயர்த்தியது, சிஐஎஃப்-ஐ 'சி'-யிலேயே விட்டது. நிலக்கரி போன்ற சரக்குக்கு 'சி' போதும். மூட்டைக் காபிக்கு அது போதவே போதாது. "சிஐஎஃப் போட்டாச்சே, காப்பீடு இருக்கே" என்று வாங்குபவர் நிம்மதியாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைப் பிள்ளைகள் இந்த மூன்று எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் உணர்வார்கள்.

பிரீமியக் கணக்கிலும் ஒரு முடிச்சு உண்டு. காப்பீடு சிஐஎஃப் விலையின் 110 சதவீதத்துக்கு. ஆனால் சிஐஎஃப் விலைக்குள் அந்தப் பிரீமியமும் இருக்கிறது. ஒன்றைத் தெரியாமல் இன்னொன்று வராது. வேறொரு சிறிய சரக்குக்கு விலையும் கப்பல் வாடகையும் சேர்ந்து 20,000 டாலர், பிரீமியம் 0.3 சதவீதம் என்றால், 1.1-ஐ 0.003-ஆல் பெருக்கி 0.0033, அதை 1-இலிருந்து கழித்து 0.9967; 20,000-ஐ அதனால் வகுத்தால் 20,066.22 டாலர். நேரடியாக 20,000 மேல் 0.3 சதவீதம் போட்டால் 60 டாலர்தான் வரும். ஆறு டாலர் வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஏன் வந்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு விலைப்பட்டியல் போட வந்துவிட்டது என்று பொருள்.

ரிஸ்க் மாறிவிட்டது என்றால் விற்பவர் கை கழுவிவிடலாம் என்பதும் அல்ல. எல்லா விதியிலும் பேக்கிங் விற்பவர் கடமை. சென்னை வெக்கையில் பூட்டிய கன்டெய்னர் குளிர்ந்த ஐரோப்பியக் கடலுக்குப் போகும்போது உள்ளிருக்கும் ஈரக்காற்று கூரைத் தகட்டில் முத்து முத்தாகப் படிந்து கீழே சொட்டும். மேல்வரிசை மூட்டைகளில் பூஞ்சை பிடிக்கும். பேக்கிங் போதாமையால் வந்த சேதத்துக்கு 'ஏ' பாலிசியும் கொடுக்காது. அதனால் ஏற்றுவதற்கு முன் செய்யும் சோதனையை மாணவர்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். காலி கன்டெய்னருக்குள் ஓர் ஆள் போக, வெளியிலிருந்து இரண்டு கதவையும் மூடுவார்கள். உள்ளே கும்மிருட்டாக இருக்க வேண்டும். ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்கே தெரிந்தாலும் அந்தக் கன்டெய்னர் வேண்டாம். பிறகு மோந்து பார்ப்பார்கள், காபி எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். தரைப்பலகை ஈரமாக இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். சுவரிலும் கூரையடியிலும் கிராஃப்ட் காகிதம் கட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டு, பிறகே மூட்டை அடுக்குவார்கள். கதவு மூடி முத்திரை போட்டதும் முத்திரை எண்ணைக் குறித்துப் படம் எடுத்துவைப்பார்கள். ரிஸ்க் எந்த நொடியில் மாறியது என்ற வழக்கில் அந்தப் படம் பேசும்.

விற்பவர் சேருமிடம்வரை பொறுப்பேற்கும் டி வரிசை மூன்றுக்கும் அரை மணி நேரம் போதும். டிஏபி-யில் வண்டி மேலேயே, இறக்கத் தயாராக ஒப்படைப்பு. டிபியு-வில் விற்பவர் இறக்கியும் கொடுக்க வேண்டும், பதினொன்றில் அப்படி இருப்பது அது ஒன்றே. டிடிபி-யில் இறக்குமதி வரியும் அந்த நாட்டு வாட் வரியும் விற்பவர் தலையில். அங்கே பதிவு இல்லாத சேலத்துக்காரர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. விமானத்தில் போகும் வெள்ளிக் கொலுசுக்கு 'எஃப்ஓபி சென்னை விமான நிலையம்' என்று எழுதுவதும் தவறு. எஃப்ஏஎஸ் (கப்பலின் பக்கத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பது), எஃப்ஓபி, சிஎஃப்ஆர், சிஐஎஃப் நான்கும் கப்பலுக்கு மட்டும். கொலுசுக்கு எஃப்சிஏ, சிபிடி அல்லது சிஐபி.

எஃப்சிஏ-வை வலியுறுத்தினால் அனுபவமுள்ள ஏற்றுமதியாளர் ஒரு நியாயமான ஆட்சேபம் சொல்வார்: "எல்சி-யில் 'கப்பலில் ஏற்றியாச்சு'ன்னு குறிச்ச பில் ஆஃப் லேடிங் கேக்குறாங்க. எஃப்சிஏ-ல சேலத்துலயே ஒப்படைச்சுட்டா அந்தக் காகிதம் எனக்கு எப்படி வரும்?" எல்சி என்பது வாங்குபவரின் வங்கி தரும் பணப் பொறுப்புக் கடிதம்; பில் ஆஃப் லேடிங் என்பது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது. பல காலம் எஃப்சிஏ-வைத் தள்ளி வைத்ததற்கு இது முக்கியக் காரணம். 2020 பதிப்பு இதற்கு வழி வைத்திருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், சரக்கு ஏறியபின் அந்தக் குறிப்போடு பில் ஆஃப் லேடிங்கை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் தன் கப்பல் நிறுவனத்துக்கு அறிவுறுத்த வேண்டும். அது தானாக நடக்காது. ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுத வேண்டும். அந்த வரியை மாணவர்களையே எழுதவைப்பது நல்ல பயிற்சி.

தேர்வுக்கு விளக்கம் கேட்கும் கேள்வி வேண்டாம். இப்படிக் கேட்கலாம்: சேலம் ஏற்றுமதியாளர் 320 மூட்டை காபியை 'எஃப்ஓபி சென்னை' என்று விற்றார். திங்கள்கிழமை கன்டெய்னர் துறைமுக யார்டில் ஒப்படைக்கப்பட்டது. புதன்கிழமை யார்டில் நகர்த்தும்போது கூரையில் கிழிசல். வியாழன் இரவு மழை. வெள்ளி காலை கப்பலில் ஏறியது. ஹாம்பர்க்கில் 40 மூட்டை நனைந்திருந்தது. நட்டம் யாருடையது? இதே ஒப்பந்தம் விற்பவரின் கிடங்கு வாசலில் எஃப்சிஏ ஆக இருந்திருந்தால்? சிஐஎஃப் ஹாம்பர்க் ஆக இருந்திருந்தால்?

முதலாவதில் விற்பவர், இரண்டாவதில் வாங்குபவர். மூன்றாவதில் மறுபடியும் விற்பவர், ஏனென்றால் மழை பெய்த நேரத்தில் கன்டெய்னர் கப்பலில் ஏறவில்லை. மூன்றாவதற்கு 'வாங்குபவர், காப்பீட்டில் கேட்பார்' என்று எழுதிய பிள்ளையிடம் சிவப்புச் சாக்பீஸைக் கொடுத்து, பலகையில் வியாழன் இரவு எங்கே இருக்கிறது என்று கோடு போடச் சொல்ல வேண்டும்.